7மிமீ பி.ஆர்., 7மிமீ-08, சொந்த வடிவம்: நெடுந்தூரக் கைத்துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சிறு கூட்டத்தில் நானும் ஒருவன். என் போல்ட் வகைக் (கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும்) கைத்துப்பாக்கிக்கு 15 அங்குலத்தில் புதுக் குழல் போட வேண்டி வந்தபோது மூன்று வழிகளை எடைபோட்டேன். ஆலைத் தோட்டாவான 7மிமீ-08 ஒன்று. ஏற்கெனவே உள்ள கூட்டின் (தோட்டாவின் பித்தளை உறை) கழுத்தை விரித்தால் கிடைக்கும் 7மிமீ பி.ஆர். (பெஞ்ச் ரெஸ்ட்) இன்னொன்று. ரீமர் (குழலில் தோட்டா உட்காரும் அறையை வெட்டும் கருவி) முதல் டை (கூட்டை அமுக்கி வடிவமைக்கும் அச்சு) வரை எனக்கென்றே செய்யச் சொல்லும் சொந்த வடிவம் மூன்றாவது. நான் எடுத்தது பி.ஆர். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

குறி துல்லியத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மூன்றிலும் போவது அதே 7மிமீ குண்டு. நல்ல குழலும் ஒழுங்காக வெட்டிய அறையும் இருந்தால் மூன்றும் நன்றாகவே சுடும். தவறுவது பெரும்பாலும் கைதான்.

வேகத்தில்தான் உண்மையான வித்தியாசம். 140 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டை 7மிமீ-08 வினாடிக்கு 2,860 அடி வேகத்தில் அனுப்பும் என்று பட்டியல் சொல்லும். அது 24 அங்குலத் துப்பாக்கிக்கான கணக்கு. 15 அங்குலத்தில் முந்நூறு அடி வரை இழக்க வேண்டியிருக்கும். கூட்டில் உள்ள வெடிமருந்து வேலையை முடிப்பதற்குள் குண்டு குழலைத் தாண்டிவிடுகிறது. மிச்சம் ஓசையாகவும் தீயாகவும் வாயிலிருந்து கொட்டுகிறது. 7மிமீ பி.ஆர். அப்படியல்ல. எக்ஸ்பி-100 கைத்துப்பாக்கிக்காகவே ரெமிங்டன் கொண்டுவந்த தோட்டா அது. ஆலைக் கணக்கிலேயே 15 அங்குலக் குழலில் 140 கிரெய்னுக்கு 2,215 அடி. மருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். பின்னுதைப்பும் ஓசையும் அதற்கேற்பக் குறைவு. தோளில் அண்டக் கொடுக்கக் கட்டை இல்லாத ஆயுதத்தில் இது சின்ன விஷயமல்ல.

தூரம் என்று வந்தால் 7மிமீ-08 ஜெயிக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. வேட்டைக் குண்டுகள் பலவும் ஒழுங்காக விரிய மானின் மேல் படும்போது வினாடிக்கு 1,800 அடி வேகமாவது இருக்க வேண்டும் என்பது பலர் வைத்திருக்கும் அளவு. நல்ல வடிவுள்ள 140 கிரெய்ன் குண்டில் பி.ஆருக்கு அந்த எல்லை 200 கஜத்தைச் சற்றுத் தாண்டியதும் வந்துவிடும். 7மிமீ-08-க்கு 350 கஜத்துக்கு மேலும் மூச்சு இருக்கும். குறைந்த வேகத்திலும் விரியும்படி செய்த குண்டை எடுத்தால் பி.ஆர். இன்னும் கொஞ்சம் நீளும். 300 கஜத்துக்கு அப்பால் மானைச் சுட்ட அனுபவம் எனக்கு இல்லை. அங்கே நான் சொல்வது கணக்கு மட்டுமே. என் காடுகளில் 200 கஜமே அபூர்வம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேகம் அல்ல, பித்தளைக் கூடு. ஒரு தோட்டாவை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளப் போகிறோமென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடையில் வாங்கும் கூட்டுக்கும் என் துப்பாக்கியின் அறைக்கும் இடையே எத்தனை படிகள்?

7மிமீ-08-க்குப் படியே இல்லை. பி.ஆருக்கு ஒரு படி. லாபுவா நிறுவனம் 6மிமீ பி.ஆர். நார்மாவுக்கென்று செய்யும் கூடு பந்தயக்காரர்களே நம்பும் தரம். அதன் கழுத்தில் மெழுகு தடவி, கூம்பு முனையுள்ள விரிப்பானை ஒருமுறை இறக்கினால் 7மிமீ ஆகிவிடும். கழுத்து விரியும்போது பழைய தோளின் (கழுத்துக்குக் கீழுள்ள சரிவு) தடித்த உலோகம் கொஞ்சம் கழுத்தின் அடியில் வந்து உட்காரும். உள்ளே வளையமாகப் புடைத்திருக்கும் அதைப் பார்த்து, தேவையானால் சீவிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாலையில் பல ஆண்டுகளுக்கான கூடு தயார். ரெமிங்டன் முதலில் இதை விற்றபோது வாங்கியவர்களே சிறப்புக் கூட்டிலிருந்து அடித்து உருவாக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை இப்போது இல்லை.

சொந்த வடிவத்தில் படிகள் குட்டிபோடும். உதாரணமாக 7மிமீ-08-இன் தாய்த்தோட்டாவான .308-இன் கூட்டைக் குட்டையாக்கித் தோளைப் பின்தள்ளும் வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீளத்தை அறுக்க வேண்டும். பிறகு வரிசையாக இரண்டு மூன்று டைகளில் அமுக்க வேண்டும். கூட்டின் உடம்பாக இருந்த தடித்த சுவர் இப்போது கழுத்தாகிவிடுவதால் உள்ளே ரீமர் விட்டோ வெளியே சீவியோ மெலிதாக்க வேண்டும். பிறகு கழுத்தைச் சூடேற்றி இளக்க வேண்டும், இல்லாவிட்டால் சில சுற்றிலேயே விரிசல் விடும். கடைசியாக ஒருமுறை சுட்டு அறையின் வடிவத்துக்கு ஊத வைக்க வேண்டும்; அந்தச் சுடுதலும் குழலின் ஆயுளில்தான் கழியும். கழுத்தை மெலிதாக்குவதில் சோம்பல் கூடாது. குண்டு ஏற்றிய கழுத்து அறையின் கழுத்தோடு இறுகிப்போனால் குண்டை விட இடமிருக்காது, அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கூடு தொலைந்தால், விரிந்தால், பிளந்தால், இத்தனையும் மறுபடியும்.

சொந்த வடிவத்துக்காரர்கள் வரலாற்றைக் காட்டுவார்கள். அதில் நியாயம் உண்டு. .22-250 பல ஆண்டுகள் வைல்ட்கேட்டாகவே (ஆலை செய்யாத சொந்த வடிவமாகவே) திரிந்து 1965-இல் ரெமிங்டன் தோட்டாவானது. .25-06 அதே பாதையில் 1969-இல் வந்தது. நான் ஆலைத் தோட்டா என்று மேலே குறித்த 7மிமீ-08-உம் 1980-க்கு முன் .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கிய வைல்ட்கேட்தான். ஆனால் இந்த மூன்றும் தாய்க்கூட்டின் கழுத்தைச் சுருக்கினாலே உருவாகிவிடுபவை. படிகள் குறைந்த வைல்ட்கேட்தான் பிழைக்கிறது என்றே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கூடு செய்வதே பொழுதுபோக்கு என்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது. ரீமர் வரைபடத்தை வைத்துக்கொண்டு தோளின் கோணத்தை அரை பாகை மாற்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது, எனக்கும் தெரியும். அவர் வேட்டைக்காகத் தோட்டா செய்யவில்லை என்பதை ஒப்புக்கொண்டால் போதும்.

இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கன்டெண்டர் (குழலை மடக்கித் தோட்டா போடும் ஒற்றைச் சுற்றுக் கைத்துப்பாக்கி) வைத்திருப்பவர்களுக்கு 7மிமீ-08 கிடையாது, அந்த உடல் .308 குடும்பத்தின் அழுத்தத்துக்குக் கட்டியதல்ல. அதன் வலுவான தம்பியான என்கோரோ போல்ட் துப்பாக்கியோ வேண்டும். கன்டெண்டர்காரர்களுக்கு .30-30 தோட்டாவிலிருந்து பிறந்து 1984-இல் ஆலைக்கு வந்த 7-30 வாட்டர்ஸ் நல்ல வழி.

விற்கும் நாளையும் யோசித்துப் பாருங்கள். 7மிமீ-08 குழலைக் கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். பி.ஆர். என்றால் கூட்டையும் டைகளையும் சேர்த்துக் கொடுத்தால் விலை நிற்கும். சொந்த வடிவத்துக் குழலோடு ரீமரின் வரைபடம், டைகள், செய்துவைத்த கூடுகள் எல்லாம் கொடுத்தாலும் தயங்குவார்கள், காரணம் அடியில் வேறு தோட்டாவின் பெயர் பொறித்த கூடு. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்ற கூட்டைத் தெரியாத கையில் கொடுப்பது ஆபத்தும்கூட; பி.ஆர். கூட்டின் அடியிலும் 6மிமீ என்றே இருக்கும் என்பதால் என் பெட்டிகள் ஒவ்வொன்றிலும், குழலிலும், 7மிமீ பி.ஆர். என்று எழுதி வைத்திருக்கிறேன்.