உறைபனிக்குத் தாங்கும் வெந்நீர்த் தொட்டி எது?

வீட்டு முற்றத்தில் வைத்து, வெந்நீரில் உட்கார்ந்து இளைப்பாறும் வெந்நீர்த் தொட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது ஜெட்டுகளை, அதாவது நீரைப் பீய்ச்சும் துளைகளைத்தான். நாற்பதா, அறுபதா என்று கேட்டு, அதிகம் உள்ளதே உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதமான குளிர் உள்ள இடத்தில் அதனால் பெரிய நஷ்டமில்லை. மாதக்கணக்கில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கும் இடத்தில் அப்படித் தேர்ந்தெடுத்தால், குளிர்காலம் முழுவதும் மின்கட்டணத்தில் அதை உணர வேண்டியிருக்கும். அங்கே ஜெட்டைவிட மூடி முக்கியம். இருக்கையின் வளைவைவிட அதற்கு அடியில் இருக்கும் வெப்பக்காப்பு முக்கியம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.16 வாட்-மணி மின்சாரம் வேண்டும். ஐந்தாறு பேர் உட்காரும் தொட்டி சுமார் 1,500 லிட்டர் கொள்ளும். அதை 10 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோக 49 யூனிட் செலவாகும். 1.5 கிலோவாட் ஹீட்டர் இதற்கு 33 மணி நேரம் எடுத்துக்கொள்ளும், 5.5 கிலோவாட் ஹீட்டர் ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிடும். துளி வெப்பமும் வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் வெப்பம் எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பகுதி மேற்பரப்பு வழியாக, ஆவியாகத்தான் போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.67 யூனிட் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீரைக் குளிரவைப்பதும் இதே ஆவியாதல்தான். பானையில் நமக்கு உதவுகிற அது, இங்கே நம் காசைக் கரைக்கிறது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வகைகளைப் பார்க்கலாம்.

காற்றடைக்கும் தொட்டி

விலை குறைவு, தூக்கிப்போவது எளிது, சாதாரண பிளக் போதும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், நமக்கு இந்தப் பழக்கம் ஒத்துவருமா என்று பார்க்க நினைப்பவர்களுக்கும் இது நல்ல தொடக்கம். ஆனால் கடும் குளிருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வகையில் பல மாடல்களின் கையேட்டிலேயே 4 டிகிரிக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கும். பம்பும் ஹீட்டரும் தொட்டிக்கு வெளியே தனிப்பெட்டியாக நிற்கின்றன. அந்தப் பெட்டியையும் தொட்டியையும் இணைக்கும் குழாய்தான் பனியில் முதலில் உறையும். குமிழி விடும் காற்றும் வெளியிலிருந்தே வருகிறது. உறைபனிக் காற்றை வெந்நீருக்குள் ஊதினால் நீர் ஆறாமல் என்ன செய்யும்? போதாததற்கு, அமெரிக்கா போன்ற நாடுகளில் 120 வோல்ட்டில் ஓடும் பல மாடல்களில் குமிழி ஓடும் நேரம் ஹீட்டர் நின்றுவிடும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அனுபவித்துவிட்டு, முதல் உறைபனிக்கு முன் வடித்துக் காயவைத்து மடித்து வைக்க வேண்டிய பொருள் இது.

வார்ப்புப் பிளாஸ்டிக் தொட்டி

பாலிஎத்திலீனில் ஒரே துண்டாக வார்த்தது. முரட்டு உழைப்பாளி, எளிதில் கீறாது, விரிசல் விடாது. இருக்கைகள் அக்ரிலிக் அளவுக்குச் சொகுசாக இருக்காது. வெப்பக்காப்பு மாடலுக்கு மாடல் வெகுவாக மாறுபடும். 120 வோல்ட் உள்ள நாடுகளில் பிளக்கில் செருகும் மாடல்களின் ஹீட்டர் 1 முதல் 1.5 கிலோவாட்தான், ஜெட் வேகமாக ஓடும்போது பெரும்பாலும் அதுவும் அணைந்துவிடும். மைனஸ் 15 டிகிரியில் மூடியைத் திறந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால், உட்கார்ந்திருக்கும்போதே நீர் ஆறுவது தெரியும். பின்னாளில் 240 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய மாடல் கிடைத்தால் மட்டும் இதை யோசியுங்கள். 230 வோல்ட் நாடுகளில் இந்தக் குறை அவ்வளவு உறுத்தாது. சாதாரண பிளக்கிலேயே 2 கிலோவாட்டும் அதற்கு மேலும் கிடைக்கும்.

அக்ரிலிக் தொட்டி

வாரத்தில் பல நாள், குளிர்காலம் முழுவதும் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான். ஆனால் எல்லா அக்ரிலிக் தொட்டியும் ஒன்றல்ல. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி பளபளக்கும் இரண்டு தொட்டிகள், பக்கப் பலகையைக் கழற்றினால் முற்றிலும் வேறாக இருக்கும்.

ஒரு வகையில் நீர் நிற்கும் அக்ரிலிக் ஓட்டுக்கும் வெளிப்பலகைக்கும் இடையிலான வெளி முழுவதும் நுரைக்காப்பால் அடைக்கப்பட்டிருக்கும். குழாய்கள் அந்த நுரைக்குள் புதைந்து கிடக்கும். வெப்பம் எளிதில் வெளியேறாது, குழாய்கள் அதிராது, உறைவதற்கும் நீண்ட நேரம் ஆகும். குறை ஒன்றுதான்: கசிவு ஏற்பட்டால் நுரையைத் தோண்டித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு வகையில் வெளிப்பலகையின் உட்புறத்தில் மட்டும் காப்பு ஒட்டியிருக்கும், நடுவில் காற்றுவெளி. பம்பின் மோட்டார் விடும் சூடு அந்த வெளியை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால் பலகைகளின் இடுக்கு வழியாகக் காற்று புகுந்தால் அந்த வெதுவெதுப்பு நிற்காது. மின்சாரம் போனால் மோட்டார் சூடும் போய்விடும்.

மின்வெட்டைத்தான் நான் உரைகல்லாக வைக்கிறேன். நன்றாகக் காப்பிட்டு மூடிய 1,500 லிட்டர் தொட்டி மணிக்கு அரை யூனிட் வெப்பம் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரி குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாவிட்டாலும் ஏழு டிகிரிதான் இறங்கும். தொட்டி நீர் உறைய நாள் கணக்கில் ஆகும். ஆபத்து மெல்லிய குழாய்களிலும் பம்பின் உள்ளேயும் தேங்கிய சிறு நீருக்குத்தான். உறைபனிப் பாதுகாப்பு என்று விளம்பரத்தில் போடுவது, குளிர் மிஞ்சும்போது பம்பைத் தானாக ஓடவைக்கும் ஏற்பாடு. மின்சாரம் இல்லாதபோது அதனால் பயனில்லை. அதனால்தான் பனிப்புயலில் மின்கம்பி அறுந்து விழும் பகுதிகளில் இருப்பவர்களுக்கு முழு நுரைக்காப்பைத் தயங்காமல் சொல்கிறேன்.

மின்செலவு பற்றி விற்பனைத் தாளில் தரும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். கலிஃபோர்னியாவின் மின்சிக்கன விதிப்படியான சோதனை சுமார் 16 டிகிரி காற்றில், சுமார் 39 டிகிரி நீரோடு, மூடி போட்ட நிலையில் நடக்கிறது. அங்கே நீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 23 டிகிரி. உங்கள் முற்றத்தில் மைனஸ் 20 என்றால் வித்தியாசம் 59. இழப்பு இரண்டரை மடங்கு ஆகும். காற்று வீசினால் இன்னும் கூடும்.

மூடியில் சிக்கனம் பார்க்கவே கூடாது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து சரியும் மூடி வேண்டும். அப்போதுதான் உருகிய பனி வழிந்தோடும். மடிப்பு விழும் நடுக்கோட்டில் இடைவெளி இல்லாமல் முழுநீளத்துக்கும் அடைப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆவி தப்புவது அந்த வழியாகத்தான். மூடியின் நுரையில் நீர் ஊறிக் கனத்துவிட்டால் அது காப்பாக வேலை செய்யாது, மாற்றியே ஆக வேண்டும்.

விறகுத் தொட்டி

ஃபின்லாந்தில் இதைப் பரவலாகக் காணலாம். மரப்பலகைகளை வட்டமாக அடுக்கி இரும்புப் பட்டையால் இறுக்கிய தொட்டி. நீரில் மூழ்கியோ பக்கத்தில் நின்றோ எரியும் அடுப்பு. மின்சாரம் வேண்டாம், உறையக்கூடிய பம்போ மெல்லிய குழாய் வலையோ எளிய மாடல்களில் கிடையாது. சில மணி நேரம் விறகு போட்டால் நீர் தயார். வார இறுதியில் மட்டும் போகும் குடிலுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பேன்.

ஆனால் இது கவனம் கேட்கும். தொட்டியில் போதிய நீர் இல்லாமல் அடுப்பைப் பற்றவைத்தால் அடுப்பு கெட்டுவிடும். தெர்மோஸ்டாட் இல்லாததால் வெப்பமானி இல்லாமல் இறங்கக் கூடாது; உடலுக்குப் பாதுகாப்பான 40 டிகிரி என்ற உச்சவரம்பைத் தாண்டுவது வெகு எளிது. வெறுமையாக விட்டால் பலகை காய்ந்து சுருங்கிக் கசியும், நீரோடு விட்டால் உறைந்து பிளக்கும். வேலை முடிந்து களைத்து வந்து, நினைத்தவுடன் இறங்க விரும்புகிறவர்களுக்கு இது சரிப்படாது.

எந்த வகையானாலும் தரையைக் கவனியுங்கள். 1,500 லிட்டர் என்றால் நீர் மட்டுமே ஒன்றரை டன்; ஓட்டின் எடையும் ஆட்களின் எடையும் அதற்கு மேல். உறைந்து மேலெழும்பும் மண்ணின்மீது நேரடியாக வைத்தால் தொட்டி ஒரு பக்கம் சாயும். வடிகால் உள்ள சரளைப் படுகையின்மேல் சமமான கான்கிரீட் தளம் நல்லது. காற்று நேராக மோதாத மூலையாக, வீட்டு வாசலிலிருந்து ஈரக்காலோடு நாலெட்டில் போய்ச் சேரும் தூரத்தில் வையுங்கள். கடும் குளிரில் நீரை வடித்து நிரப்புவது சிரமமும் ஆபத்தும் ஆனது என்பதால், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் நீர்மாற்றத்தை முதல் உறைபனிக்குச் சற்று முன்பு வருமாறு திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.