கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்: ரீங்காரம் போகும், கொஞ்சம் பேஸும் போகும்

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா. ஒரு பக்கம் இரண்டு ஆர்சிஏ (சிவப்பு-வெள்ளை ஆடியோ பிளக்) வால், மறுபக்கம் இரண்டு சாக்கெட். சிங்கப்பூரில் சிம் லிம் டவரிலும் இணையக் கடைகளிலும் பத்து, இருபது வெள்ளிக்குக் கிடைக்கிறது. லேப்டாப்பை ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையர்) மாட்டியதும் கிளம்பும் ‘ம்ம்ம்’ ரீங்காரத்துக்கு இதுதான் மருந்து என்பார்கள். மருந்துதான், நோய் அதுவாக இருந்தால்.

கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. லேப்டாப்பின் மூன்று முள் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். ரீங்காரம் சட்டென்று நின்றால் கிரவுண்ட் லூப்தான், அதாவது எர்த் வழியாக உருவாகும் வளையம்: ஆம்ப்புக்கு ஓர் எர்த், சார்ஜருக்கு ஓர் எர்த், இரண்டையும் சிக்னல் வயரின் ஷீல்டு (வெளிக் கம்பி உறை) இணைத்துவிடுகிறது. ஷீல்டில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பாட்டோடு கலக்கிறது. இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினாலே பல வீடுகளில் அடங்கிவிடும். எல்லா இன்புட்டையும் உருவிய பிறகும் சத்தம் வந்தால் கோளாறு ஆம்ப்புக்குள்ளே. டப்பாவுக்கு அங்கே வேலையில்லை.

உள்ளே சேனலுக்கு ஒன்றாக இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், 1:1 சுற்று (இருபக்கமும் சம எண்ணிக்கை). சிக்னல் காந்தப்புலம் வழியாகத் தாண்டும். செம்புத் தொடர்பு அறுந்துபோகும். வாங்கியதும் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, வாலின் வெளி வளையத்திலிருந்து சாக்கெட்டின் வெளி வளையத்துக்குத் தொட்டுப் பாருங்கள். ரீடிங்கே வரக்கூடாது. வந்தால் ஷீல்டை உள்ளேயே இணைத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் காந்தக் கோர் குட்டி என்பதால் தாழ்ந்த அதிர்வெண்களில் திணறுகிறது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி குறையாமல் தப்பிவிடும். ஆனால் இன்றைய சினிமாப் பாட்டுகளில் 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கும் சிந்த் (சிந்தசைசர்) பேஸ் மெலியும், ஒலியைக் கூட்டினால் பிசிறும். சப்வூஃபர் வயரில் போடவே வேண்டாம். ரெக்கார்டு பிளேயருக்கும் ஃபோனோ இன்புட்டுக்கும் நடுவிலும் வேண்டாம். சில மில்லிவோல்ட் சிக்னலில் டப்பாவே ரீங்காரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆம்ப்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் ஓரடி தள்ளி வையுங்கள்.

இத்தனை குறை சொன்னாலும் வாங்கச் சொல்வதற்கு ஒரே காரணம், இது சிக்னல் பக்கத்தை மட்டும் அறுக்கிறது. பிளக்கின் எர்த் முள்ளைத் துண்டித்தாலும் ரீங்காரம் போகும்தான். பிறகு உள்ளே லைவ் வயர் கழன்று ஆம்ப்பின் உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் ஆளுக்காகக் காத்திருக்கும். எர்த் இருந்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அந்தக் கணமே விழும்; இல்லாவிட்டால் உங்கள் உடல் வழியாகக் கரண்ட் கசிந்த பிறகுதான் விழும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 2023 ஜூலை முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்.

சென்னையிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்பில் உருண்டை முள் பிளக் இருக்கும். மலிவு டிராவல் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பே கிடையாது. அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு, சேஃப்டி மார்க் (சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை) உள்ள 13 ஆம்பியர் பிளக் போடச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து எர்த் முள் மேலே இருக்கும்படி பார்த்தால், வலப்பக்கம் ஃபியூஸோடு பழுப்பு, இடப்பக்கம் நீலம், மேலே பச்சை-மஞ்சள். பச்சை-மஞ்சளை மட்டும் கொஞ்சம் நீளமாக விட வேண்டும்; யாராவது வயரை வெடுக்கென்று இழுத்தால் அது கடைசியில்தான் கழல வேண்டும்.