சொந்தமாகக் கட்டிய வயர் லீடர்: ஐந்து வருட அனுபவம்

பல் உள்ள மீன் தூண்டில் நரம்பைக் கடித்து அறுக்காமல் இருக்க இரைக்கு முன்னால் கட்டும் கம்பித் துண்டுதான் வயர் லீடர். அதை ரெடிமேடாக வாங்குவதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. காசு மிச்சமாகும் என்றுதான் ஆரம்பித்தேன். கம்பிச் சுருள், ஸ்லீவ் (கம்பியைக் கோத்து நசுக்கும் சிறு உலோகக் குழாய்), ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு), ஸ்னாப் (இரையை மாட்டும் திறந்து மூடும் கொக்கி), கிரிம்பிங் பிளையர் (ஸ்லீவை நசுக்கும் குறடு) என்று ஒவ்வொன்றாக வாங்கி முடித்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. வாங்கிய லீடரில் எனக்குக் கம்பி மேல் புகார் இல்லை, அதில் மாட்டியிருக்கும் ஸ்னாப் மேல்தான். மீன் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அந்த ஸ்னாப் திறந்துகொள்ளும்.

முதல் வருடம் முழுக்க நைலான் பூசிய ஏழு இழைக் கம்பியும், ஸ்லீவை நசுக்கி இறுக்கும் கிரிம்ப்பும்தான். கம்பியை மீன் கடித்து அறுத்ததாக ஞாபகமே இல்லை, போனதெல்லாம் ஸ்லீவிலிருந்து உருவிக்கொண்டு போனவை. தப்பு என்னுடையது. சாதாரண கட்டிங் பிளையரால் நசுக்கினேன், ஸ்லீவும் கம்பிக்குப் பெரியது. கம்பி இரண்டு முறை நுழைந்தால் அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது, அந்த அளவு ஸ்லீவ் வேண்டும். நசுக்கும்போது இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தின் விளிம்பே கம்பியை வெட்டும். இது இரண்டும் சரியான பிறகு உருவுவது நின்றது. அப்புறம் துரு. மேலே நைலான் பளபளவென்று இருக்கும், வெட்டிய முனை வழியாக உப்புத் தண்ணீர் ஏறி உள்ளே இழை கறுத்துப்போயிருக்கும். ஸ்டெயின்லெஸ் என்று பெயர் இருப்பதால் கடலில் துருப்பிடிக்காது என்று நம்பிவிடாதீர்கள்.

இப்போது வஞ்சிரம், சீலா மாதிரி பல் உள்ள மீன்களுக்கு ஒற்றைக் கம்பிதான், பெரும்பாலும் 4-ம் எண், அதாவது 0.013 அங்குலத் தடிமன், ஏறக்குறைய 40 பவுண்டு தாங்கும். இதற்கு ஸ்லீவே வேண்டாம், கம்பியைத் தன் மேலேயே முறுக்கிக் கட்டும் ஹேவயர் ட்விஸ்ட் போதும். ஸ்விவல் கண்ணில் கம்பியைக் கோத்து இரண்டு கம்பியும் எக்ஸ் எழுத்து மாதிரி ஒன்றையொன்று சமமாகச் சுற்றும்படி நாலைந்து சுற்று, பிறகு சிறு முனையைச் செங்குத்தாக மடக்கி நெருக்கமாக இன்னும் நாலைந்து சுற்று. முதல் பகுதியில் ஒரு கம்பி நேராக நின்று மற்றது மட்டும் அதைச் சுற்றினால், பார்க்க அழகாக இருக்கும், பாரம் வந்ததும் வழுக்கும். எனக்கு இது கைக்கு வரவே ஒரு மாதம் ஆனது. மீதி முனையைக் கட்டரால் வெட்டவே வெட்டாதீர்கள், கூரான பிசிறு நின்று விரலைக் கிழிக்கும். கைப்பிடி மாதிரி மடக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் அடியோடு ஒடிந்து வழவழவென்று இருக்கும்.

இதிலும் குறை உண்டு. ஒரு நல்ல மீன் போராடி முடித்தால் கம்பி சுருண்டு மடிப்பு விழுந்துவிடும், அதை நேராக்கித் திரும்பப் போட்டால் அடுத்த மீனுக்கு அந்த இடத்திலேயே ஒடியும். டைட்டானியத்தில் இந்தத் தொல்லை இல்லை, வளைத்தாலும் நிமிர்ந்துவிடும், ஆனால் அதே காரணத்தால் ஹேவயர் சுற்று அதில் பிடித்து நிற்காது, விலையும் அதிகம். இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன்.

நீளம் லூருக்கு, அதாவது செயற்கை இரைக்கு, ஒரு சாண் போதும், உயிர் இரைக்கு அதைப் போல இரண்டு மடங்கு. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் தடிமனைக் குறைத்தால் கடி கூடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், பளபளக்கும் கம்பிக்குப் பதில் காபி நிறக் கம்பியும் உதவுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு விஷயம் மட்டும். ஒடித்த துண்டுகளைக் கீழே போடாதீர்கள். மூடி போட்ட ஒரு பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும், என் குதிகாலில் ஏறிய துண்டை எடுக்க ஊசியும் அரை மணி நேரமும் தேவைப்பட்டது.