பலாக்லாவா பதக்கம் வாங்கப் போகிறீர்களா?

லண்டனில் நடந்த ஒரு பதக்கக் கண்காட்சியில் 2,800 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன். வாங்கியது, 1850களில் பிரிட்டன் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போரின் பதக்கம். விளிம்பில் 8ஆம் ஹுஸார் குதிரைப்படைச் சிப்பாய் ஒருவரின் பெயர், நாடாவில், அந்தப் போரின் பலாக்லாவா சண்டையில் இருந்தவர்களுக்குத் தரப்பட்ட ‘பலாக்லாவா’ என்ற வெள்ளிப் பட்டை. கூடவே அழகாக அச்சடித்த ஒரு தாள்: 1854 அக்டோபர் 25 அன்று ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த லைட் பிரிகேடில் (பிரிட்டனின் இலகுரகக் குதிரைப்படை) இவரும் ஒருவராம்.

அந்தப் பாய்ச்சலில் போனவர்கள் சுமார் 670 பேர்தான். அவர்களுடைய பதக்கம் இந்த விலைக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆசை யாரை விட்டது? இன்னொன்றையும் மறந்தேன். பலாக்லாவா பட்டை அன்று களத்தில் இருந்த ஹெவி பிரிகேடுக்கும் (கனரகக் குதிரைப்படை) 93ஆம் ஹைலேண்டர் காலாட்படைக்கும்கூட உண்டு. பட்டை இருப்பதால் மட்டும் ஒருவர் பாய்ச்சலில் போனார் என்று ஆகிவிடாது.

இரண்டு மாதம் கழித்துத்தான் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். டபிள்யூஓ (போர் அலுவலக ஆவணங்கள்) 100 வரிசையில் பதக்கப் பட்டியல்கள் இருக்கின்றன. அதில் இவர் பெயருக்கு நேரே செபஸ்டபோல் முற்றுகைக்கான பட்டை மட்டும்தான். டபிள்யூஓ 12 வரிசையில் படைப்பிரிவின் வருகை, சம்பளப் பதிவேடு. அதைப் புரட்டினால், அந்த அக்டோபரில் ஆள் கடலுக்கு அப்பால் துருக்கியில் இருந்த ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் படுத்திருக்கிறார்.

அப்புறம்தான் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன் (முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்). இந்தப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என்னுடையது எல்லாப் பக்கமும் குறைவு. யாரோ ஒருவரின் பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, மேலே இவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள். கையால் வெட்டிய எழுத்து என்பதால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. கிரிமியப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் வழங்கப்பட்டன, பலர் நகைக்கடையில் கொடுத்துப் பெயர் வெட்டிக்கொண்டார்கள். விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விற்றவரிடம் போனேன். தாளின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்: ‘குடும்பத்தார் கூற்றுப்படி’. எந்தக் குடும்பம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணமும் வரவில்லை. ஆன்லைனில் ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தால், கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பியிருக்கலாம். கண்காட்சி மேசையில் நேரில் வாங்கியதற்கு அந்த வசதி கிடையாது.

எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டுமல்ல. நம் வரலாற்றோடும் தொடர்புள்ள படை இது. 8ஆம் ஹுஸார் 1858இல் மத்திய இந்தியாவில் இருந்த படை. ஜான்சி ராணி லட்சுமிபாய் குவாலியர் அருகே கோட்டா கி சராயில் வீழ்ந்தது இவர்களோடு நடந்த சண்டையில்தான். நம் ஆள் அதுவரை படையில் இருந்தாரா என்று இப்போது அடுத்த பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் பெயரை ராவி எடுத்தார்கள் என்பதுதான் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.