டீ குடிக்க விடாத கம்: 16 மாதம் மென்றவனின் அனுபவம்

"அண்ணே, சிகரெட்டை விடுறதுக்கு மெல்லுவாங்களே, அந்த நிக்கோட்டின் கம் நிஜமாவே வேலை செய்யுதா?" என்று சித்தப்பா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான். அவன் சிகரெட் பிடிப்பவன் இல்லையாம். மாதம் இரண்டு தடவை சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய் ஷிஷா (தண்ணீர்க் குடுவைக் குழாயில் இழுக்கும் புகையிலை) இழுப்பானாம், நடுவில் 'சும்மா நாலஞ்சு' சிகரெட்டாம். இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷம் நானே சொல்லிக்கொண்டு திரிந்த கணக்குதான்.

ஒரு வரியில் பதில் போடலாம் என்று பார்த்தேன். கோபம் வந்ததால் நீண்டுவிட்டது.

2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா, புதினாவா பழச்சுவையா என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. நேராக டீக்கு வருகிறேன். இந்தக் கம்மை வாயில் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. மெல்லும்போதும் கூடாது. நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய் வேலை செய்வதில்லை, கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ஏறவேண்டும். காப்பி, பழச்சாறு மாதிரி புளிப்புத்தன்மை உள்ளதைக் குடித்தால் வாயின் நிலை மாறி, பாதி வீணாகிவிடும். காரணம் நியாயமானதுதான். ஆனால் என் சிகரெட் பிறந்ததே டீயோடு. சிங்கப்பூரில் தேக்கா ஈரங்காடிக் கடையில் தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) கையில் வந்ததும் விரல் தானாகப் பாக்கெட்டைத் தேடும். அந்த நேரத்துக்கென்று வாங்கிய மருந்தை அந்த நேரத்தில் போட முடியாது என்றால் என்ன செய்வது? முதலில் 15 நிமிடம் வாயைக் கட்டு, அப்புறம் அரை மணி நேரம் மெல்லு, அதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும். 16 மாதம் ஆகியும் இந்த எரிச்சல் குறையவில்லை.

மெல்லுவதிலும் ஒரு முறை உண்டு. சாதாரண கம் மாதிரி சவக் சவக்கென்று மென்றால் விக்கல்தான் மிஞ்சும். மெதுவாக மெல்லவேண்டும். மிளகைக் கடித்தாற்போல் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்லவேண்டும். முதல் வாரம் இது தெரியாமல் ஒரு கூட்டத்தில் விக்கி விக்கிப் பேசினேன். மேலாளர் தண்ணீர் நீட்டினார். அதையும் குடிக்க முடியவில்லை.

சரி, ஷிஷாவுக்கு வருகிறேன், அவனுக்கு வேண்டிய பதில் அங்கேதான் இருக்கிறது.

2011 வாக்கில் ஆரம்பித்தேன். அரபு ஸ்திரீட், ஹாஜி லேன், சுல்தான் பள்ளிவாசலைப் பார்த்தபடி பஸ்ஸோரா ஸ்திரீட் என்று வெள்ளிக்கிழமை இரவெல்லாம் அங்கேதான். நாலு பேருக்கு ஒரு குழாய், டபுள் ஆப்பிள் சுவை, கரி மாற்ற ஒரு தம்பி. எங்களில் யாரும் தன்னைப் புகைப்பவன் என்று நினைத்ததில்லை. புகைப்பவன் என்றால் மாடிப்படியில் தனியாக நின்று இருமுகிற ஆள். நாங்கள் நண்பர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள். புகை தண்ணீருக்குள் போய் வருகிறது, பழ வாசனை வேறு. தண்ணீர் புகையைக் குளிரவைக்கும், சுத்தம் செய்யாது, கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தனிக்கணக்கு என்பதெல்லாம் அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

சிகரெட் எப்படி உள்ளே வந்தது? குழாய் வழியாகத்தான். நாலு பேர் மாறி மாறி இழுத்தால் நம் முறை வரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் ஒருவன் பெட்டியை நீட்டினான். ஒரு ஷிஷா அமர்வில் 50 முதல் 200 இழுப்பு வரை போகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஒரு சிகரெட்டுக்கு எட்டுப் பத்து இழுப்பு. அவ்வளவு இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு சிகரெட் பெரிதாகத் தெரியுமா? ஒன்றைக் காட்டி மற்றதை மன்னித்துக்கொண்டோம். ஷிஷா வாரம் ஒருமுறைதானே என்று சிகரெட், சிகரெட் ரெண்டுதானே என்று ஷிஷா.

அப்புறம் திங்கட்கிழமை வரும். காரணமில்லாமல் எரிச்சல், வேலையில் மனம் ஒட்டாது. அதை நான் 'ஸ்ட்ரெஸ்' என்றேன். உடம்பு நிக்கோட்டினைக் கேட்கிறது என்று தோன்றவே இல்லை, நான்தான் புகைப்பவன் இல்லையே! ஷிஷாக் குடுவையை அலுவலகத்துக்குத் தூக்கிப்போக முடியாது. சிகரெட் சட்டைப்பையில் அடங்கும்.

2014 நவம்பரில் சிங்கப்பூர் அரசாங்கம் ஷிஷாவைத் தடை செய்தது. ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு 2016 ஜூலை இறுதிவரை தவணை. கடைசி மாதங்களில் ஏதோ பிரிவு உபசாரம் மாதிரி போய் இழுத்தோம். ஆகஸ்ட்டில் குழாய் போனது, சிகரெட் மட்டும் மிச்சம். ஒரு வருஷத்தில் நாளுக்குப் பத்து. தடையைக் குறை சொல்லமாட்டேன், அது வராவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஓடியிருக்கும். ஆனால் எனக்கு அந்தக் குழாய் வெறும் புகை இல்லை, வெள்ளிக்கிழமை நண்பர்கள். அந்த இடத்தை அலுவலகத்துக்குக் கீழே, புகைப்பவர்கள் நிற்பதற்கென்று போட்ட மஞ்சள் கட்டம் பிடித்துக்கொண்டது. நெருப்பு கேட்பதில் ஆரம்பித்து, நாலு பேர் சேர்ந்து, அதே அரட்டை.

கம் தோற்கிற இடம் இதுதான். மருந்தாளர் என்னிடம் கேட்டது, "எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்?" நான் டீக்குப் பிறகுதான், முக்கால் மணி நேரம் ஆகும் என்றேன். அரை மணிக்குள் என்றால் 4, இல்லையென்றால் 2. எனக்கு 2 கிடைத்தது. யாரோடு பிடிப்பீர்கள் என்று கேட்கவில்லை. ஷிஷாவுக்கென்றே லெபனான் ஆய்வாளர்கள் 11 கேள்விகளில் ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். அதில் மகிழ்ச்சிக்காகவா, நாலு பேரோடு கூடியிருக்கவா என்றும் கேள்விகள் உண்டு. என்னிடம் அதைக் கேட்டிருந்தால் என் வியாதி வேறு என்று அன்றே தெரிந்திருக்கும்.

வாங்குகிற கூத்தையும் சொல்கிறேன். 1992 முதல் சூயிங்கம்முக்குத் தடை உள்ள ஊர் இது. 2004இல்தான் மருத்துவ கம்முக்கு வழிவிட்டார்கள். முதல் தடவை என் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் குறித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம், இரவு ஒன்பது மணி, கையிருப்பு தீர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் விளக்கு எரிகிறது, ஆள் இருக்கிறார், கம் கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது. "மருந்தாளர் கிளம்பிட்டார், நாளைக்கு வாங்க." பக்கத்திலேயே 24 மணி நேரக் கடை. அங்கே சிகரெட்டை அலமாரிக்குள் மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் கேட்டால் அரை நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். 15 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினேன், மூன்று பிடித்தேன், மீதியைக் குப்பைச்சரிவில் போட்டேன். அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை.

நல்லதையும் சொல்லவேண்டும். அந்த இரவுக்குப் பிறகு ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை. 13 மாதம் ஆகிறது. எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கம் மெதுவாக ஏறுகிறது, அரை மணி நேரம் பிடிக்கும். சிகரெட் மாதிரி பத்து வினாடியில் மண்டைக்குப் போவதில்லை. முதலில் இதைத் திட்டினேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பழைய கூட்டாளி ஒருவனோடு கடற்கரைப் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, கன்னத்தில் கம்மை ஒதுக்கிவைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அந்த நிதானம் எனக்குப் பழக்கமானது. யாரும் எழுந்து மஞ்சள் கட்டத்துக்கு ஓடவில்லை.

ஆனால் மூன்று மாதத்தில் நிறுத்தவேண்டிய கம்மை 16 மாதமாக மென்றுகொண்டிருக்கிறேன். நாளுக்கு மூன்று. பயணப்பையில் ஓர் அட்டை, அலுவலக இழுப்பறையில் ஓர் அட்டை. இதை மருந்தாளரிடம் இன்னும் சொல்லவில்லை.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு நாலு. தம்பிக்கு 'வாங்காதே' என்றுதான் எழுதினேன். "அப்ப நீ மட்டும் எப்படிண்ணே விட்ட?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வா, ஜொகூர் பாருவுக்குப் போகாதே, என்னிடம் உள்ளதில் ஓர் அட்டை காட்டுகிறேன், மெல்லுவது எப்படி என்றும் சொல்லித்தருகிறேன் என்றேன். பிடித்திருந்தால் இரண்டு பெட்டியாக வாங்கு, இருட்டுவதற்கு முன்னால் போ. டீயை மட்டும் வரும் வழியிலேயே குடித்துவிட்டு வா.