பெரிய கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி: மூன்றும் ஒரே ஆளுக்குத் தேவையா?

மூன்றையும் வாங்கி ஓராண்டு ஓட்டினால் ஒன்று தெளிவாகிவிடும். கைப்பேசியும் மடிக்கணினியும் தினமும் கையில் இருக்கும். டேப்லெட் மட்டும் மெல்ல மெல்லப் பிள்ளைகளின் யூடியூப் பெட்டியாகிவிடும், இல்லையென்றால் இழுப்பறைக்குள் போய்விடும். டேப்லெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை ஒட்டி நிற்கும் இரண்டும் பெரிதாகிவிட்டன. கைப்பேசி 6.8 அங்குலத்துக்கு வளர்ந்து கீழிருந்து அதன் வேலையைத் தின்கிறது. ஒன்றேகால் கிலோ மடிக்கணினி மேலிருந்து தின்கிறது. எனவே கேள்வி எப்போதும் நடுவில் இருப்பதைப் பற்றித்தான்.

திரையின் மூலைவிட்ட அளவை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பிடிஎஃப் படிப்பவர் பார்க்க வேண்டியது நிமிர்த்திப் பிடித்தால் கிடைக்கும் அகலம். 6.8 அங்குலக் கைப்பேசியில் அது சுமார் 7.2 சென்டிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 21. பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 11 புள்ளி (பாயின்ட்) அளவில் அச்சிட்ட எழுத்து 4 புள்ளிக்கும் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்தையாவது கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். தமிழில் ‘ணு’வும் ‘னு’வும் ஒரே கரும்புள்ளியாகத் தெரியும். கைப்பேசியைப் படுக்கவைத்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு முறை தள்ள வேண்டும், அட்டவணை வந்தால் தலைப்பு வரிசை மேலே போய் மறைந்துவிடும்.

8 அங்குல டேப்லெட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் அகலம் பதினொரு சென்டிமீட்டர் அளவு, எழுத்து 6 புள்ளிக்கும் கீழே. மருந்துச் சீட்டின் பின்பக்கம் படிப்பது மாதிரி. பெரிய கைப்பேசி ஏற்கெனவே இருப்பவர் இந்த அளவைத் தொடவே வேண்டாம். 16:10 விகித வடிவில் வரும் 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அகலம் 14.8 சென்டிமீட்டர், அதாவது ஏ5 தாளின் அகலம். எழுத்து ஏறக்குறைய 7.7 புள்ளி. 11 அங்குல ஐபாட் சற்று அகலம், 16 சென்டிமீட்டர், 8.4 புள்ளி கிடைக்கும். 13 அங்குல ஐபாட்டில் 19.8. தாளை அப்படியே கையில் வைத்திருப்பது போலத்தான். படிப்பதற்காக வாங்குகிறவருக்கு இந்த 11-க்கும் 13-க்கும் நடுவில்தான் முடிவு இருக்கிறது. ஓரத்து வெற்றிடத்தை வெட்டிக் காட்டும் வசதி பெரும்பாலான பிடிஎஃப் செயலிகளில் உண்டு. அதைப் போட்டால் 11 அங்குலமே போதும். படம் பார்க்க மட்டும் என்றால் கணக்கு தலைகீழ்: 16:10 திரைதான் நல்லது, ஐபாட்டில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தடிமனாக வரும்.

அடுத்தது பேனா. வினாத்தாள் திருத்துபவர், வரைபடத்தில் குறிப்பெழுதுபவர், சட்டம் படிப்பவர், பாட்டுக்கு ஸ்வரம் குறித்து வைப்பவர் ஆகியோருக்கு டேப்லெட் வேறெதனாலும் நிரப்ப முடியாத இடத்தில் நிற்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பாடநூல் பிடிஎஃப்பைத் திறந்து, மேலேயே வட்டமிட்டு, அதைத் திரைவீச்சியில் காட்டுவது தொடுதிரை இல்லாத மடிக்கணினியில் வசதியாகச் செய்ய முடியாத வேலை. கேலக்ஸி டேப் எஸ் வரிசையில் பேனா பெட்டியிலேயே வரும். ஆப்பிள் பென்சிலைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், எந்தப் பென்சில் எந்த ஐபாட்டுக்கு என்பதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பேனாவும் வேண்டாம், ஏ4 பக்கமும் படிக்கப்போவதில்லை என்றால் டேப்லெட் வாங்கக் காரணமே இல்லை. விளம்பரம் என்ன சொன்னாலும் சரி.

விசைப்பலகை மாட்டினால் டேப்லெட்டே மடிக்கணினி ஆகிவிடும் என்ற ஆசையைத் தராசில் வைத்துப் பாருங்கள். 11 அங்குல ஐபாட் ஏர் 460 கிராம் சொச்சம், அதன் மேஜிக் கீபோர்டு 600 கிராம் அளவு. சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும். பழைய 12.9 அங்குல ஐபாட் புரோவும் அதற்கான விசைப்பலகையும் சேர்ந்தால் 1.3 கிலோவுக்கு மேல். 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ. மாலை ஆறு மணிக்குக் கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமேக்கில் ரயில் மாறி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கிளானா ஜெயா தடத்தில் நின்றபடி வருகிறவருக்கு இந்த எண்கள் தோளில் தெரியும்.

எடை ஒருபக்கம். பெரிய தடை மென்பொருள். பள்ளி, அலுவலகப் படிவங்கள் பல எக்செல் கோப்பாகத்தான் வருகின்றன. அதில் மேக்ரோ (கோப்புக்குள் எழுதிவைத்த தானியங்கிக் கட்டளை) இருந்தால் ஐபாடிலும் ஆண்ட்ராய்டிலும் உள்ள எக்செல் அதை இயக்காது. கோப்பு திறக்கும், எண்கள் தெரியும், ‘கணக்கிடு’ பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி இறக்கிப் பார்ப்பார்கள். மடிக்கணினியில் திறந்து மேக்ரோவுக்கு அனுமதி கொடுத்தால் ஓடும்.

தமிழ்த் தட்டச்சையும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் பெறும் அஞ்சல் முறையும், தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பும் ஐபாட், மேக் இரண்டிலும் உள்ளமைந்தே வருகின்றன, விண்டோஸ் 11-இலும் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில்தான் சிக்கல். திரைப் பலகையில் ‘அம்மா’ என்று ஒலிபெயர்த்துத் தரும் செயலி, வெளிப்பலகையைச் செருகியதும் வெறும் ஆங்கில எழுத்தைக் கொட்டலாம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டில் பலகையை மாட்டி, ஒரு முழு வாக்கியம் அடித்து, மொழியை மாற்றி மீண்டும் அடித்துப் பாருங்கள். தினமும் ஆயிரம் சொல் எழுதுபவருக்கு இந்த ஒரு சோதனையே டேப்லெட்டா மடிக்கணினியா என்பதைத் தீர்த்துவிடும்.

இனி கைப்பேசி. அது பெரிதோ சிறிதோ, மலேசியாவில் அதன் முதல் வேலை சாவியாக இருப்பது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 2022-ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பிறகு வங்கிகள் குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டுச் செயலி ஒப்புதலுக்கு மாறின. ஒரு கணக்குக்கு ஒரே சாதனம்தான் ஒப்புதல் தரலாம், புதுச் சாதனத்துக்கு மாற்றினால் காத்திருப்பு நேரம் உண்டு, வழக்கமாக 12 மணி. ஆகவே டேப்லெட்டை ‘மாற்றுக் கைப்பேசி’ என்று எண்ணி வாங்குவதில் பொருளில்லை. கைப்பேசி உடைந்த அன்றைக்கு டேப்லெட்டில் வங்கிச் செயலி திறக்கும், பணம் நகராது. வாட்ஸ்அப் பரவாயில்லை, முதன்மைக் கைப்பேசியோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். ஆனால் அந்தக் கைப்பேசியை 14 நாள் திறக்காமல் விட்டால் இணைத்தவை தானாகவே வெளியேறிவிடும்.

சாவியாக இருக்கும் கைப்பேசியின் மின்கலத்தை ஹாட்ஸ்பாட்டுக்குச் செலவழிப்பதுதான் மூன்று சாதனக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. சிம் இல்லாத டேப்லெட்டும் மடிக்கணினியும் சேர்ந்து கைப்பேசியை உறிஞ்சும். அது சூடாகும், மாலைக்குள் சிவப்புக்கு வந்துவிடும், பிறகு மாமாக் கடையில் கியூஆர் காட்டக்கூட உயிர் இருக்காது. மடிக்கணினிக்கு இணையம் தர வைஃபை வழியைவிட யுஎஸ்பி வயர் வழி மேல்: கைப்பேசி சார்ஜும் ஏறும், வேகமும் நிலையாக இருக்கும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யுஎஸ்பி டெதரிங் என்று இருக்கும். ஐபோனில் பர்சனல் ஹாட்ஸ்பாட்டை இயக்கி வயரைச் செருகினால் போதும். ‘வரம்பற்ற’ தரவுத் திட்டங்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி வரம்பு இருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.

சார்ஜர் ஒன்றே போதும், ஆனால் சரியான ஒன்று. 65 வாட் இரட்டைத் துளை சார்ஜரில் மடிக்கணினி மட்டும் இருந்தால் 65-உம் அதற்கே போகும். இரண்டாவது துளையில் கைப்பேசியைச் செருகிய கணத்தில் இரண்டுக்கும் மின்சாரம் ஒரு நொடி நின்று, பங்கு பிரித்து, பெரும்பாலும் 45-உம் 20-உமாகத் திரும்பி வரும். திரை ஒருமுறை மங்கி ‘மெதுவான சார்ஜர்’ என்று விண்டோஸ் சொல்வது இதனால்தான். பழுது இல்லை. மூன்றையும் ஒன்றாக ஏற்ற 100 வாட் வாங்குங்கள். வயரையும் கவனியுங்கள்: சாதாரண யுஎஸ்பி-சி வயர் 3 ஆம்பியர் தாங்கும், 20 வோல்ட்டில் 60 வாட், அதற்குமேல் போகாது. 5 ஆம்பியர் என்று குறித்த வயருக்குள் சிறு சில்லு இருக்கும். சாம்சுங்கின் 45 வாட் வேகத்துக்கும் அந்த வயர்தான், சார்ஜரில் பிபிஎஸ் (வோல்ட்டைச் சிறு சிறு படியாக மாற்றித் தரும்) வசதியும் வேண்டும்.

ஏபி செட் (அதிகாரப்பூர்வ விநியோகம் அல்லாத வழியில் இறக்குமதியானது) என்று விலை குறைத்துத் தருவார்கள், மின்னணுக் கடைகள் நிறைந்த லோ யாட்டில் ஏறி இறங்கினால் தெரியும். பெட்டிக்குள் இரு கால் பிளக் இருந்தால் அதை மூன்று துளை சாக்கெட்டில் பேனாவால் மேல் துளையை அழுத்திச் செருகும் பழக்கம் இங்கே நிறைய. அந்த மேல் துளை எர்த். பேனாவால் மூடியைத் திறந்து வைப்பது ஆபத்து, கால்களும் தளர்வாக உட்கார்ந்து சூடேறும். சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை உள்ள மூன்று கால் சார்ஜருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. இன்னொன்று: உலோக உடல் மடிக்கணினியில் கை வைத்தால் மெல்லிய குறுகுறுப்பு வருகிறதா? எர்த் இல்லாத சார்ஜரின் கசிவு மின்னோட்டம் அது. எர்த் உள்ள பவர் வயருக்கு மாறினால் போய்விடும்.

நம் ஊர் வெப்பத்தில் நீண்ட நாள் உழைப்பு மின்கலத்தைப் பொறுத்தது. ஆப்பிள் தன் சாதனங்களுக்குச் சொல்லும் உச்ச வரம்பு 35 டிகிரி. ஏர்கோன் இல்லாத அறையில் பகல் மூன்று மணிக்கு அதை நெருங்கிவிடுகிறோம். எப்போதும் செருகியே இருக்கும் மடிக்கணினிக்கும், இரண்டாம் திரையாக நிற்கும் டேப்லெட்டுக்கும் சார்ஜில் 80 விழுக்காட்டு வரம்பு போடுங்கள். மடிக்கணினியின் தொடுபலகை திடீரென்று அழுத்த முடியாமல் கெட்டியானாலும், டேப்லெட்டின் ஓரத்தில் கண்ணாடி தூக்கி ஒளி கசிந்தாலும் மின்கலம் உப்பியிருக்கிறது. அழுத்திச் சரிசெய்யப் பார்க்காமல், சார்ஜ் போடுவதை நிறுத்தி, கடைக்குக் கொண்டு போங்கள். இழுப்பறை டேப்லெட்டுக்கு வேறு நோய்: பூஜ்யத்தில் வைத்து மறந்தால் ஆழ வடிந்து, பிறகு அரை மணி நேரம் செருகினாலும் திரை எழாது. பயன்படுத்தாத நாளில் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், மாதம் ஒருமுறை பாருங்கள்.

வரிச்சலுகையைக் காரணம் காட்டி மூன்றாவதை வாங்குகிறவர்களும் உண்டு. வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட்; சொந்தப் பயன்பாட்டுக்கான கணினி, கைப்பேசி, டேப்லெட் மட்டுமல்ல, புத்தகமும் உங்கள் பெயரில் உள்ள இணையக் கட்டணமும் அதற்குள்ளேயே அடங்கும். வீட்டு இணையம் மாதம் 130 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 1,560 போய், மிச்சம் 940தான். இது வருமானத்திலிருந்து கழியும் தொகை, கையில் வரும் பணமில்லை: 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு அந்த 940-ஆல் மிச்சமாவது 103 ரிங்கிட் சொச்சம். ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவர் மட்டும் ரசீதைத் தன் பெயரில் எடுத்து ஏழாண்டு வைத்திருக்கட்டும்.

மூன்றும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் டேப்லெட்டின் திரை நேரக் கணக்கைத் திறந்து பாருங்கள், ஐபாட்டில் ஸ்கிரீன் டைம், ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங். மேலே நிற்பது பிடிஎஃப் செயலி, குறிப்பேடு, இரண்டாம் திரை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கைப்பேசியைத்தான் சிறியதாக வாங்க வேண்டும், 6.1 அங்குலம் பையிலும் கட்டை விரலிலும் அடங்கும். யூடியூப் மட்டும் நின்றால் விற்றுவிடுங்கள், நாள் போகப்போக விலை இறங்கும். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கணக்கிலிருந்து வெளியேறி, ஐபாட் என்றால் தொலைந்ததைத் தேடித் தரும் ஃபைண்ட் மை-யையும் அணைத்து, அதன் பிறகே முழுமையாக அழியுங்கள். வரிசை மாறினால் பூட்டு விழலாம், பூட்டு விழுந்ததைக் கடைக்காரர் உதிரிபாக விலைக்குத்தான் எடுப்பார்.