ஸ்பெக்ஸ்டூல்: பல வருடம் பயன்படுத்தியவனின் கருத்து

பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, ஸ்பெக்ஸ் டேட்டாவுக்கு ஸ்பெக்ஸ்டூல் மட்டும் போதுங்களா, வேற ஏதாவது கத்துக்கட்டுங்களா?" ஸ்பெக்ஸ் என்ற கருவி எடுக்கும் விண்மீன் டேட்டாவை நிறமாலையாக மாற்றித் தரும் மென்பொருள்தான் ஸ்பெக்ஸ்டூல். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

ஹவாயின் மௌனா கியாவில் இருக்கும் நாசாவின் ஐஆர்டிஎஃப் அகச்சிவப்புத் தொலைநோக்கி, அதில் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் ஸ்பெக்ஸ் கருவி, அது பார்க்கும் அலைநீளம் 0.7 முதல் 5.3 மைக்ரான் வரை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு சௌகரியத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே இரவு 7 மணி என்றால் கோவையில் மறுநாள் காலை 10.30. டிபனை முடித்துவிட்டு வீட்டு மேசையிலிருந்தே இரவு வானத்தைப் பார்க்கலாம். இந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

சரி, மென்பொருளுக்கு வருவோம். ஸ்லிட் என்ற ஒடுங்கிய பிளவில் விண்மீனை ஏ, பி என்று இரண்டு இடத்தில் வைத்துப் படம் எடுத்து ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கிறோம். ஈரோடு மஞ்சள் மண்டியில் மூட்டை எடையிலிருந்து சாக்கு எடையைக் கழிக்கிற மாதிரிதான். வானத்திலுள்ள ஓஹெச் மூலக்கூறுகளின் ஒளிர்வு பெரும்பாலும் போய்விடும். ஃப்ளாட் (சீரான ஒளியில் எடுத்த படத்தை வைத்து டிடெக்டரின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), ஆர்கான் விளக்கை வைத்து அலைநீள அளவீடு, நிறமாலையைப் பிரித்தெடுப்பது, ஆர்டர்கள் என்ற நிறமாலைத் துண்டுகளைச் சேர்ப்பது எல்லாவற்றையும் ஸ்பெக்ஸ்டூல் அழகாகச் செய்துவிடும். அதில் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

என் கோபமெல்லாம் அதோடு வரும் எக்ஸ்டெல்கார் மேல்தான், அதாவது காற்றின் தாக்கத்தை நீக்கும் பகுதி மேல்தான். 1.4, 1.9 மைக்ரான் பக்கம் காற்றிலுள்ள நீராவி ஒளியை விழுங்கிவிடுகிறது. அதைச் சரிசெய்ய, பக்கத்திலேயே ஒரு ஏ0 வகை (சூடான, வெள்ளை) விண்மீனை எடுத்து, அதே வகையைச் சேர்ந்த வேகா விண்மீனின் மாதிரி நிறமாலையோடு ஒப்பிட்டு, காற்றின் பங்கைப் பிரிக்கிறோம். 2003ல் வெளியான வழிமுறை, யோசனை அருமையானது. ஆனால் ஏ0 விண்மீனுக்கே கனமான ஹைட்ரஜன் கோடுகள் உண்டு. வேகா தன் துருவத்தை நம் பக்கம் காட்டிக்கொண்டு சுழல்வதால் அதன் கோடுகள் மெலிந்து தெரியும். நாம் எடுத்த விண்மீனின் கோடுகள் அகலமாக இருக்கும். அந்த அகலத்தை பாஷன் டெல்டா என்ற ஹைட்ரஜன் கோட்டை வைத்துச் சரிக்கட்டிவிடலாம். அப்புறம் ஒவ்வொரு கோட்டின் ஆழத்தையும் திரையில் புள்ளிகளை இழுத்து இழுத்துக் கண்ணளவில் சரிசெய்ய வேண்டும்.

நான் பார்ப்பது இளம் விண்மீன்கள். அவற்றின் மேல் வாயு விழும்போது 2.166 மைக்ரானில் பிராக்கெட் காமா என்ற ஹைட்ரஜன் கோடு ஒளிர்கிறது. எவ்வளவு வாயு விழுகிறது என்ற கணக்கே அதிலிருந்துதான் வருகிறது. ஏ0 விண்மீனின் அதே கோட்டைக் கொஞ்சம் குறைவாக நீக்கினால், வகுத்த பிறகு என் விண்மீனில் இல்லாத ஒளிர்வு முளைக்கிறது. அதிகமாக நீக்கினால் உண்மையான ஒளிர்வே குறைகிறது. எனக்கு வேண்டிய ஒரே கோட்டை இப்படி ஆளுக்கொரு கண்ணிடம் விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே டேட்டாவில் இரண்டு பேருக்கு இரண்டு எண் வந்தால் எதைக் கட்டுரையில் போடுவது?

தம்பி, உங்கள் விண்மீனோடு ஏர்மாஸ் (ஒளி கடந்துவரும் காற்றின் அளவு) வித்தியாசம் 0.1க்குள் இருக்கிற மாதிரி இரண்டு ஏ0 விண்மீன்களை எடுங்கள். இரண்டிலும் தனித்தனியாகச் செய்து, வருகிற வித்தியாசத்தையும் பிழைக்கணக்கில் சேருங்கள். தொலைநோக்கி நேரம் வீண் என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்பெக்ஸ்டூல் எழுதப்பட்ட ஐடிஎல் மொழி காசு கொடுத்து வாங்க வேண்டியது. பைத்தான் வடிவமும் இருக்கிறது, அதிலேயே ஆரம்பியுங்கள்.

பழுப்புக் குறுமீன் (முழு விண்மீனாக ஆக முடியாத சிறிய வான்பொருள்) பார்க்கிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். இளம் விண்மீன் என்றால், இன்றைக்கு இருக்கிற மனநிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் என் அடுத்த டேட்டாவை நான் போடப்போவதும் ஸ்பெக்ஸ்டூலில்தான்.